உள்ளத்து விக்கிரகத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி

விக்கிரகம் என்றதும் கல்லும் மரமும்தான் நினைவுக்கு வரும். ஆனால் வேதாகமத்தில் எசேக்கியேல் 14-ல் கர்த்தர் கண்டிப்பது, இஸ்ரவேலின் மூப்பர்கள் தங்கள் இருதயத்தில் நாட்டி வைத்திருந்ததை. அது வெளியே தெரியாது.

உங்கள் கோபத்தைக் கவனித்துப் பாருங்கள். ஒரு வாரத்துக்கு, அளவுக்கு மீறிக் கோபமோ பயமோ வந்த நேரங்களை மட்டும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். பக்கத்திலேயே, 'எதை இழந்துவிடுவேன் என்று பதறினேன்?' என்பதையும் எழுதுங்கள். பெரும்பாலும் ஒன்றே திரும்பத் திரும்ப வரும்: பிள்ளையின் மதிப்பெண், சேமிப்பு, பிறர் பாராட்டு. (சபை ஊழியம்கூட வரலாம். எளிதில் கண்ணுக்குத் தப்புவது அதுதான்.)

'இதெல்லாம் நல்ல காரியமாயிற்றே' என்று தோன்றும். மோசே செய்த வெண்கலச் சர்ப்பமும் தேவன் சொல்லிச் செய்ததுதான். பாம்பு கடித்த ஜனங்கள் அதை நோக்கிப் பார்த்துப் பிழைத்தார்கள். பின்னாளில் இஸ்ரவேலர் அதற்கே தூபங்காட்ட, எசேக்கியா ராஜா அதை உடைத்துப்போட்டான் (2 இராஜாக்கள் 18:4).

பிள்ளையையும் வேலையையும் அப்படி உடைக்க முடியாது, வேண்டியதும் இல்லை. தாளில் எழுதியதைப் பெயர் சொல்லி ஜெபியுங்கள். 'இது இல்லாவிட்டாலும் நீர் போதும்' என்று சொல்ல நா எழவில்லையென்றால், அதையும் அவரிடமே சொல்லுங்கள்.