ரட்சிக்கப்பட்ட புதிதில் செய்யக்கூடாதவை

ரட்சிக்கப்பட்டு, அதாவது இயேசுவை ஏற்றுக்கொண்டு, சபைக்குப் புதிதாக வரும் இளைஞர்கள், அந்தக் காலத்தில் நாங்கள் விழுந்த குழிகளிலேயே வரிசையாக வந்து விழுகிறார்கள். பொய், குடி, கோபம் பற்றிப் பிரசங்கங்களில் போதுமான அளவு கேட்டிருப்பீர்கள். அதை விட்டுவிடுகிறேன்.

பழைய நண்பர்களைக் கழற்றிவிடுவது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். ஏனென்றால் இதற்குச் சபையில் பாராட்டு வேறு கிடைக்கிறது: "தம்பி உலகத்தையே விட்டு வந்துட்டார்!"

எங்கள் வாலிபர் கூட்டத்தில் ஒருவர் தினமும் காலையில் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் பூப்படத்தோடு ஒரு வசனம் போடுவார். மற்றவர்கள் போடுவதைப் படிக்க மாட்டார். குழுவை மியூட்டில் வைத்திருந்தார். பக்கத்து இருக்கைக்காரரின் அப்பா இறந்த செய்தி அதில்தான் வந்தது. மறுநாள் காலை, இரங்கல் செய்திகளுக்கு நடுவே இவருடைய வசனம் வந்து விழுந்தது: 'கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்.' அந்த நண்பர் சண்டை போடவில்லை. அப்புறம் இவரிடம் எதையும் சொல்வதில்லை, அவ்வளவுதான். இனி இவர் சுவிசேஷம் சொன்னால் அவர் காது கொடுப்பாரா?

பைபிளில், கொரிந்து சபைக்குப் பவுல் அப்போஸ்தலன் எழுதிய நிருபமான (கடிதமான) 1 கொரிந்தியரின் 5-ம் அதிகாரத்தை நிதானமாகப் படியுங்கள். துன்மார்க்கரோடு கலந்திருக்க வேண்டாம் என்று எழுதிய பவுல், வெளியே இருப்பவர்களைச் சொல்லவில்லை என்று அங்கேயே விளக்குகிறார். அப்படியென்றால் உலகத்தை விட்டே போக வேண்டியிருக்குமாம். சகோதரன் என்று சொல்லிக்கொண்டே அப்படி வாழ்பவனைப் பற்றித்தான் அவர் பேச்சு. நாமோ தலைகீழாகச் செய்கிறோம்: உள்ளே இருப்பவரின் பேராசையைக் கண்டுகொள்வதில்லை, வெளியே இருப்பவரின் வீட்டு விருந்துக்குப் போக யோசிக்கிறோம். அதே நிருபத்தின் 10-ம் அதிகாரத்தில், அவிசுவாசி விருந்துக்கு அழைத்து உங்களுக்கும் போக மனமிருந்தால், வைத்ததை விசாரிக்காமல் சாப்பிடச் சொல்கிறார். விக்கிரகத்துக்குப் படைத்தது என்று யாராவது சொன்னால் மட்டும் வேண்டாம் என்கிறார். எல்லை எங்கே என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் பந்தியில் உட்காரப் பயமில்லை.

கேட்காதவருக்குப் பதில் சொல்வது

நம் நம்பிக்கையைப் பற்றிப் பதில் சொல்லத் தயாராக இருக்கச் சொல்லும் 1 பேதுரு 3:15, 'விசாரித்துக் கேட்கிற' யாவருக்கும் என்கிறது. 'சாந்தத்தோடும்' என்றும் இருக்கிறது. கமெண்ட் பகுதியில் சண்டை போடுபவர்கள் இரண்டையும் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

வேலை நேரத்தில் ஊழியம் (சபைப் பணி)

சம்பளம் வாங்கும் நேரத்தில் வேலை பாருங்கள்.