சரளத்தை அறிவென்று கொள்ளுதல்: கற்றலிலும் கவனத்திலும் தீர்ப்பிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு பாடத்தை மூன்றாவது முறையாக வாசிக்கும்போது வரிகள் தடையின்றி ஓடுகின்றன. அடுத்த பத்தியில் என்ன வரும் என்பதுகூட முன்கூட்டியே தெரிகிறது. இந்தச் சரளத்தையே பாடம் மனத்தில் ஏறிவிட்டதற்கான அத்தாட்சியாக நாம் எடுத்துக்கொள்கிறோம். கற்றல், கவனம், தீர்ப்பு ஆகியவற்றைப் பற்றிய உளவியல் ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வெளிப்படும் தவறுகளில் பெரும்பாலானவற்றுக்கு இதுவே வேர். தன் மனம் எவ்வளவு திறமையாக வேலை செய்கிறது என்பதை மனிதர் அந்த நேரத்து உணர்வைக் கொண்டே கணிக்கின்றனர். அந்த உணர்வு காட்டுவதோ வேறொன்றை.

இதை மிகத் தெளிவாகக் காட்டியது ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கியும் 2006 இல் வெளியிட்ட ஆய்வு. மாணவர்களில் ஒரு பிரிவினர் ஓர் உரைநடைப் பகுதியை நான்கு தவணைகளில் வாசித்தனர். மற்றொரு பிரிவினர் ஒரு தவணை மட்டும் வாசித்துவிட்டு, எஞ்சிய மூன்று தவணைகளிலும் பகுதியைப் பார்க்காமல் நினைவுக்கு வந்ததை எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் சுமார் 83 விழுக்காட்டையும் எழுதிப் பார்த்தவர்கள் 71 விழுக்காட்டையும் நினைவுகூர்ந்தனர். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழாகியது: வாசித்தவர்களிடம் 40 விழுக்காடு, எழுதிப் பார்த்தவர்களிடம் 61 விழுக்காடு. எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது அதிக நம்பிக்கையுடன் பதில் சொன்னவர்கள் வாசித்தவர்களே என்பதை இங்கே கவனிக்க வேண்டும். மறுவாசிப்பு அவர்களுக்கு நம்பிக்கையைத்தான் வளர்த்தது. நினைவை அந்த அளவுக்கு வளர்க்கவில்லை.

ஆகவே முதலில் விட வேண்டிய பழக்கம், மறுவாசிப்பையும் அடிக்கோடிடுதலையும் படிப்பின் முதன்மை முறையாகக் கொள்வது. ஜான் டன்லோஸ்கி குழுவினர் பத்துக் கற்றல் உத்திகளுக்கான சான்றுகளை 2013 இல் தொகுத்து மதிப்பிட்டபோது இவ்விரண்டையும் குறைந்த பயனுள்ளவை என்ற வரிசையில் வைத்தனர். தன்னைத் தானே சோதித்துக்கொள்வதும் இடைவெளிவிட்டுப் படிப்பதும் மட்டுமே உயர்ந்த பயனுள்ளவை என்ற மதிப்பைப் பெற்றன. தேர்வு என்பதைக் கற்றது எவ்வளவு என்று அளக்கும் கருவியாக மட்டும் கருதிப் பழகிவிட்டோம். நினைவிலிருந்து ஒன்றை வெளியே எடுக்கும் செயலே அந்த நினைவை வலுப்படுத்துகிறது என்பது கல்விமுறைகள் இன்னும் போதிய அளவு உள்வாங்காத செய்தி என்றே எனக்குத் தோன்றுகிறது.

இதன் தொடர்ச்சியாக இன்னொரு தவறு உண்டு. ஒரு விடையை ஒருமுறை சரியாகச் சொல்லிவிட்டால், அதை முடிந்துபோன வேலையாகக் கருதிப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுகிறோம். அதே இரு ஆய்வாளர்களும் 2008 இல் சுவாஹிலிச் சொற்களையும் அவற்றின் பொருளையும் மாணவர்களுக்குக் கற்பித்துப் பார்த்தனர். ஒருமுறை சரியாகச் சொன்ன சொல்லைத் தொடர்ந்து சோதித்துக்கொண்டவர்கள் ஒரு வாரம் கழித்து ஏறத்தாழ 80 விழுக்காட்டை நினைவுகூர்ந்தனர். அதன் பின் சோதிப்பதைக் கைவிட்டவர்களோ மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டினர். சோதிக்காமல் சொற்களை மறுபடி மறுபடி பார்த்துக்கொண்டிருந்தது ஏறக்குறைய எந்த வேறுபாட்டையும் உண்டாக்கவில்லை.

மறதியைப் பற்றிப் பேசும்போது ஹெர்மன் எப்பிங்ஹாஸ் 1885 இல் வெளியிட்ட வளைகோட்டை மேற்கோள் காட்டுவது வழக்கம். அதைக் காட்டும் விதத்தில்தான் பிழை நேர்கிறது. ஒரு நாளுக்குள் இத்தனை விழுக்காடு மறந்துபோகும் என்று எல்லோருக்கும் எல்லாப் பாடங்களுக்கும் பொருந்தும் விதிபோல அதைக் கூறுகின்றனர். எப்பிங்ஹாஸ் சோதித்தது தன்னை மட்டுமே. கற்றது பொருளற்ற அசைகளை. அளந்ததோ அவற்றைத் திரும்பக் கற்கும்போது எவ்வளவு நேரம் மிச்சமானது என்பதை. மறதி முதலில் வேகமாகவும் பின்னர் மெதுவாகவும் நிகழ்கிறது என்ற வடிவம் 2015 இல் செய்யப்பட்ட மறுஆய்விலும் உறுதிப்பட்டது. ஆனால் அந்த எண்களைப் பொருளுள்ள ஒரு வரலாற்றுப் பாடத்தின்மீதோ வேதியியல் பாடத்தின்மீதோ அப்படியே ஏற்றுவதற்கு நியாயமில்லை.

இடைவெளி எவ்வளவு இருக்க வேண்டும் என்ற கேள்விக்கும் ஒரே எண்ணை விடையாகத் தேடக் கூடாது. நிக்கோலஸ் செப்பீடா குழுவினர் 1,350 பேருக்கும் மேற்பட்டோரிடம் நடத்தி 2008 இல் வெளியிட்ட ஆய்வில், உகந்த இடைவெளி தேர்வு எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதைப் பொறுத்து மாறியது. ஒரு வாரத்தில் தேவைப்படும் செய்திக்கு ஏறத்தாழ ஒரு நாள் இடைவெளி சிறந்ததாக இருந்தது. ஓராண்டுக்குச் சற்றுக் குறைவான காலம் நிலைக்க வேண்டியதற்கு மூன்று வார இடைவெளி. மறக்கத் தொடங்கிய பிறகு திரும்பப் படிப்பது கடினமாக இருக்கும்; அந்தக் கடினமே பயன் தருகிறது. ஒரே மூச்சில் படித்து முடிப்பவருக்கு அந்தக் கடினம் வாய்ப்பதில்லை, ஆகவே நன்றாகப் படித்ததாகத் தோன்றுகிறது.

ஒரே வகைக் கணக்குகளைத் தொடர்ச்சியாகப் போட்டுவிட்டு அடுத்த வகைக்குச் செல்லும் வழக்கமும் இத்தகையதே. நேட் கார்னெலும் ராபர்ட் பியார்க்கும் 2008 இல் வெளியிட்ட ஆய்வில் ஓவியர்களின் பாணிகளை அடையாளம் காணக் கற்பித்தபோது, பல ஓவியர்களின் படைப்புகளைக் கலந்து பார்த்தவர்கள், அவர்கள் முன்பு கண்டிராத ஓவியங்களைத் தீட்டியவர் யார் என்பதைக் கூடுதலாகச் சரியாகச் சொன்னார்கள். ஆனால் சோதனை முடிந்த பிறகும், ஒவ்வொருவரின் ஓவியங்களையும் தொகுதியாகப் பார்த்த முறையே தமக்கு உதவியது என்று பெரும்பான்மையினர் கூறினர். தமது மதிப்பெண்ணே எதிர்த்துச் சாட்சி சொல்லும்போதும் மனிதர் உணர்வின் பக்கம் நிற்கிறார்கள்.

இவ்வளவையும் கேட்டுவிட்டுக் கடினமான எதுவும் நல்லது என்ற முடிவுக்குப் பாய்வது எதிர்த்திசைத் தவறு. எளிதில் வாசிக்க முடியாத எழுத்துருவில் அச்சிட்டால் பாடம் நன்றாகப் பதியும் என்றொரு கூற்று சில ஆண்டுகள் பரவியிருந்தது. பின்வந்த ஆய்வுகளில் அது நிலைக்கவில்லை. நினைவைத் துழாவ வைக்கும் கடினம் வேறு, கண்ணை உறுத்தும் கடினம் வேறு. அதுபோலவே, காட்சிவழிக் கற்பவர், செவிவழிக் கற்பவர் என்று மாணவர்களைப் பிரித்து அதற்கேற்பக் கற்பிப்பதற்கும் போதிய சான்று இல்லை என்று ஹரோல்ட் பாஷ்லரும் உடன்பணியாற்றியவர்களும் 2008 இலேயே விரிவாக எழுதினர். மாணவர்களுக்கு விருப்பங்கள் உண்டு என்பதை யாரும் மறுக்கவில்லை. விருப்பத்துக்கு ஏற்பக் கற்பித்தால் கற்றல் மேம்படும் என்பதுதான் நிறுவப்படவில்லை. பாடத்தின் இயல்பே முறையைத் தீர்மானிக்கிறது: நிலப்படத்தைக் காதால் கற்க முடியாது.

கவனத்தைப் பொறுத்தவரை மிக ஆழமாக வேரூன்றிய தவறு, கண்முன் நடப்பதெல்லாம் நம் பார்வைக்கு வந்துவிடும் என்ற நம்பிக்கை. டேனியல் சைமன்ஸும் கிறிஸ்டோஃபர் சாப்ரிஸும் 1999 இல் வெளியிட்ட ஆய்வில், காணொளியில் பந்து கைமாறும் எண்ணிக்கையை எண்ணிக்கொண்டிருந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர், கொரில்லா வேடமிட்ட ஒருவர் நடுவே நடந்து சென்றதைக் கவனிக்கவில்லை. இதைப் பயிற்சியற்றவர்களின் குறை என்று ஒதுக்கிவிட முடியாது. 2013 இல் வெளியான ஓர் ஆய்வில், நுரையீரல் சி.டி. ஸ்கேன் படங்களில் சிறு கட்டிகளைத் தேடிய 24 கதிரியக்க மருத்துவர்களில் 20 பேர், வழக்கமான கட்டியைப் போல 48 மடங்கு பெரிய கொரில்லா உருவத்தைப் பார்க்கத் தவறினர். அவர்களில் பலரின் கண்கள் அந்த உருவம் இருந்த இடத்திலேயே பதிந்தன என்பதைக் கண்ணசைவுப் பதிவு காட்டியது. பார்வை விழுவதற்கும் கவனத்தில் படுவதற்கும் இடையே இவ்வளவு தொலைவு இருக்கிறது என்பதை உணராமல், ஒன்றைத் தவறவிட்டவரை அலட்சியமானவர் என்று உடனே குற்றஞ்சாட்டுவதும் இந்தத் தவறின் ஒரு பகுதியே.

வாகனம் ஓட்டியபடி தொலைபேசியில் பேசுவதில், கைகள் விடுபட்டிருந்தால் ஆபத்து நீங்கிவிடும் என்று கருதுகிறார்கள். டேவிட் ஸ்ட்ரேயரும் வில்லியம் ஜான்ஸ்டனும் 2001 இல் காட்டியபடி, வாகனம் ஓட்டுவதைப் போலச் செய்யும் ஆய்வகச் சோதனையில் கருவியைக் கையில் பிடித்துப் பேசியவர்களும் பிடிக்காமல் பேசியவர்களும் ஒரே அளவுக்கு எச்சரிக்கைக் குறிகளைத் தவறவிட்டனர். வானொலி கேட்டவர்களிடம் அந்தக் குறை தோன்றவில்லை. பறிபோவது உரையாடலில் ஈடுபட்ட கவனம். பல வேலைகளை ஒரே நேரத்தில் செய்வதில் தாம் வல்லவர் என்று எண்ணுபவர்களின் நிலையும் நம்பிக்கை தருவதாக இல்லை: 2013 இல் வெளியான ஒரு ஆய்வில், அவ்வாறு அதிகம் செய்தவர்களே அத்திறனை அளக்கும் சோதனையில் பின்தங்கினர்.

தீர்ப்புக்கு வருவோம். ஒரு வேலை எப்போது முடியும் என்று கணிக்கும்போது நாம் அந்த வேலையின் படிகளை மனத்தில் ஓட்டிப் பார்க்கிறோம். ஓட்டம் தடையின்றி அமைவதால் கணிப்பு உறுதியாகத் தோன்றுகிறது. ரோஜர் ப்யூலர் குழுவினர் 1994 இல் வெளியிட்ட ஆய்வில், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்கள் சராசரியாக 34 நாட்களில் முடிப்போம் என்றனர். உண்மையில் 55 நாட்களுக்கு மேல் ஆயின. எல்லாமே மிக மோசமாக நடந்தால் எத்தனை நாள் ஆகும் என்று கேட்டதற்கு அவர்கள் சொன்ன சராசரிகூட 49 நாட்களைத் தாண்டவில்லை. மோசமான நிலையைக் கற்பனை செய்வது இதற்கு மருந்தாகாது. அந்தக் கற்பனையும் அதே மனத்திலிருந்துதான் வருகிறது. இத்தகைய வேலைக்கு முன்பு தமக்கும் பிறருக்கும் எவ்வளவு காலம் பிடித்தது என்ற பதிவைப் பார்த்து, கணிப்பை அதிலிருந்து தொடங்குவதே கூடுதல் பயன் தரும்.

நடந்து முடிந்த பிறகு வேறு விதமாக ஏமாறுகிறோம். அமெரிக்க அதிபர் ரிச்சர்ட் நிக்சன் 1972 இல் பெய்ஜிங்குக்கும் மாஸ்கோவுக்கும் செல்வதற்கு முன், அந்தப் பயணங்களில் எவையெவை நிகழக்கூடும் என்று பாருக் ஃபிஷ்ஹாஃபும் ரூத் பெய்த்தும் மாணவர்களிடம் கணிக்கச் சொன்னார்கள். பயணம் முடிந்த பிறகு தம் பழைய கணிப்புகளை நினைவுகூரச் சொன்னபோது, நடந்ததாக அறிந்தவற்றுக்குத் தாம் முன்பு உண்மையில் சொன்னதைவிட அதிக வாய்ப்பு அளித்திருந்ததாக அவர்கள் எண்ணினர். எனவே, முடிவெடுப்பதற்கு முன் காரணங்களையும் எதிர்பார்ப்பையும் தேதியிட்டு எழுதிவைக்காதவர், பின்னர் தன் அனுபவத்திலிருந்து கற்றதாக நினைப்பது பெரும்பாலும் விளைவிலிருந்து பின்னோக்கிப் புனைந்த கதையாகவே இருக்கும்.

ஆய்வுகளைப் படிப்பதிலும் இதே சரளம் குறுக்கிடுகிறது. கேட்டவுடன் மனத்துக்கு ஒத்துப்போகும் ஒரு முடிவை, அது ஒரே ஆய்வகத்தில் ஒரே முறை கிடைத்ததாக இருந்தாலும், நிறுவப்பட்ட உண்மையாக ஏற்றுவிடுகிறோம். மடிக்கணினியில் குறிப்பெடுப்பதைவிடக் கையால் எழுதுவது கருத்துப் புரிதலுக்குச் சிறந்தது என்ற 2014 ஆம் ஆண்டு ஆய்வு உலகெங்கும் பரவியது. அதே முறையை அப்படியே பின்பற்றி 2021 இல் வெளியான மறுஆய்வில் அந்த வேறுபாடு தென்படவில்லை. மனவுறுதி பயன்படுத்தப் பயன்படுத்தத் தீர்ந்துபோகும் என்ற புகழ்பெற்ற கருத்தை 2016 இல் 23 ஆய்வகங்கள் இணைந்து சோதித்தபோது, விளைவு ஏறக்குறைய சுழியாக இருந்தது. 100 உளவியல் ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்து 2015 இல் வெளியிடப்பட்ட பெரும் திட்டத்தில், 36 விழுக்காடு மட்டுமே மீண்டும் புள்ளியியல் முக்கியத்துவம் பெற்றன, அதாவது தற்செயல் என்று எளிதில் ஒதுக்க முடியாத முடிவைத் தந்தன. இதைக் கண்டு உளவியலே பொய் என்று கைவிரிப்பதும் பிழையே: நினைவுச் சோதனையின் பயன், இடைவெளியின் பயன் போன்றவை பல ஆய்வகங்களில், பல வயதினரிடம், பல வகைப் பாடங்களில் தாக்குப்பிடித்தவை. இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைக்கலாகாது.

எல்லாவற்றையும் படித்தபின், இந்தத் தவறுகள் பிறருக்கு உரியவை என்று தோன்றினால் அதுவும் ஆராயப்பட்டதே. எமிலி ப்ரோனின், டேனியல் லின், லீ ராஸ் ஆகியோர் 2002 இல் காட்டியபடி, தீர்ப்பைத் தம்மையறியாமல் ஒரு பக்கம் சாய்க்கும் மனச்சாய்வுகளின் விவரத்தை வாசிப்பவர்கள் அவை சராசரி மனிதரைவிடத் தம்மைக் குறைவாகப் பாதிப்பதாகக் கருதுகிறார்கள். ஆகையால் நடுநிலையோடு இருப்பேன் என்று உறுதியெடுப்பது போதாது. சார்லஸ் லார்ட், மார்க் லெப்பர், எலிசபெத் பிரெஸ்டன் ஆகியோரின் 1984 ஆம் ஆண்டு ஆய்வில், மரண தண்டனையைப் பற்றி உறுதியான கருத்துடையவர்களிடம், ஒரு நீதிபதியைப் போல நடுநிலையோடு சான்றுகளை மதிப்பிடுமாறு கூறியது எந்தப் பயனும் தரவில்லை. மற்றொரு பிரிவினரிடம், இதே ஆய்வு இதே முறையில் எதிரான முடிவைத் தந்திருந்தால் இப்போது கொடுத்த அதே மதிப்பைக் கொடுத்திருப்பீர்களா என்று ஒவ்வொரு படியிலும் தம்மையே கேட்டுக்கொள்ளச் சொன்னபோது, சாய்வு பெரிதும் குறைந்தது. மேலே குறிப்பிட்ட ஆய்வுகளில் உங்களுக்கு மிகவும் பிடித்துப்போன ஒன்றை எடுத்துக்கொண்டு இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம்.