பராஆன்: கடைசி வீடு வரை கூட்டம் கலையாமல் இருக்க

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், பத்து பகாட், மூவார், பொந்தியான் பக்கத்துக் கம்பங்களில் (கிராமங்களில்) ஜாவா வம்சாவளியினர் நோன்புப் பெருநாள் தொழுகை முடிந்ததும் கூட்டமாகச் சேர்ந்து வீடு வீடாகப் போவார்கள். அதுதான் பராஆன். ஒவ்வொரு வீட்டிலும் துஆ (பிரார்த்தனை) ஓதி, சாப்பிட்டு, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நகர்வார்கள். கூட்டத்தோடு நடப்பவரின் வீடும் அந்த வரிசையில் இருக்கும். விருந்தாளியும் அவர்தான், வீட்டுக்காரரும் அவர்தான். அதனால் கடைசி வீட்டை எட்டுமுன் கூட்டம் கரைந்துபோவதே இதில் நேரும் பெரிய தவறு. விடிகாலையிலிருந்து சமைத்துவிட்டுக் காத்திருக்கும் குடும்பத்தின் மனம் என்ன பாடுபடும்!

பெரும்பாலும் நேரக் கணக்குதான் சறுக்குகிறது. 9 மணிக்குக் கிளம்பி, லுஹர் எனும் நண்பகல் தொழுகைக்காக 1 மணிக்கு முடிப்பதென்றால் கையில் இருப்பது 240 நிமிடம். வீட்டுக்கு 15 நிமிடம், நடக்கவும் செருப்பு தேடவும் 3 நிமிடம் என்று வைத்தால் 13 வீடுதான் அடங்கும். (வார் கட்டும் காலணி போட்டு வருகிறவர் ஒருவர் இருந்தாலே அந்த 3 நிமிடம் போதாது.) 20 வீடு இருந்தால் முதலிலேயே இரண்டு நாளாகப் பிரித்து, எந்த வீடு எந்த நாள் என்று முன்தினமே சொல்லிவிட வேண்டும். நடமாட முடியாத முதியவர்களின் வீடு வரிசையில் முதலில் வரட்டும்.

அடுத்தது வயிறு. முதல் மூன்று வீட்டிலும் லொந்தோங்கே (குழம்பு ஊற்றிய சோற்றுக்கட்டி) கிடைத்தால், நான்காவது வீட்டில் தட்டு தொடப்படாமல் திரும்பும். வீட்டுக்காரர்கள் முன்பே பேசி, ஒரு வீட்டில் லொந்தோங், ஒரு வீட்டில் சோத்தோ சூப், ஒரு வீட்டில் நாசி அம்பெங் (தாம்பாளத்தில் சோறும் கறிவகைகளும்) என்று மூன்று நான்கு வீடுகள் மட்டும் முழுச் சாப்பாடு வைக்கட்டும். மற்ற வீடுகளில் பலகாரமும் பானமும் போதும். விருந்தாளி எல்லா வீட்டிலும் கொஞ்சமாவது வாயில் போட வேண்டும். நாசி அம்பெங் ஒரு தாம்பாளத்துக்கு நான்கைந்து பேர். வலது கையால், தன் பக்கத்துச் சோற்றை மட்டும் எடுத்துச் சாப்பிட வேண்டும். நடுவில் இருக்கும் கோழித்துண்டைக் கிளறித் தேடக் கூடாது.

வரிசையில் பின்னால் இருக்கும் வீடுகளுக்குச் சமையலில் தனிக் கவனம் வேண்டும். லொந்தோங்குக்கு ஊற்றும் லோடே, தேங்காய்ப்பாலில் செய்யும் காய்கறிக் குழம்பு. காலை 8 மணிக்கு இறக்கி வைத்தால், கூட்டம் வரும் 12:30க்குள் அந்த வெக்கையில் கெட ஆரம்பித்திருக்கும். காய்களையும் மசாலாவையும் முன்னதாக வேகவைத்துக்கொண்டு, கூட்டம் வர அரை மணி நேரம் இருக்கும்போது கெட்டிப்பால் ஊற்றிச் சிறு தீயில் கிண்டிக்கொண்டே இருங்கள். தளதளவென்று கொதிக்கவிட்டால் பால் திரிந்துவிடும்.

ஓலைக்கூட்டுச் சோறான கெத்துப்பாட்டில் பலரும் அரிசியை நிறையப் போட்டுவிடுகிறார்கள். பின்னிய ஓலைக்கூட்டில் பாதிக்குச் சற்று மேலே போதும். அதிகமானால் அரிசி உப்ப இடமில்லாமல் நடு வேகாது. குறைந்தால் கொழகொழவென்று ஆகிவிடும். 4 முதல் 5 மணி நேரம், கூடுகள் எப்போதும் மூழ்கியே வேக வேண்டும். தண்ணீர் வற்றினால் பச்சைத் தண்ணீர் ஊற்றாமல் கொதிநீரையே ஊற்றுங்கள். வெந்ததும் பாத்திரத்தில் அடுக்கி மூடினால் ஈரம் தங்கி ஊசிப்போகும். காற்றோட்டமான இடத்தில் தொங்கவிட்டு நீரை வடியவிடுங்கள்.

துஆவில் நேரும் பிழை சின்னதுதான், ஆனால் மனதைத் தைப்பது. இறந்த பெற்றோருக்காகத் தஹ்லீல் ஓதச் சொல்லும் வீட்டுக்காரர் பெயர்களை வாய்மொழியாகச் சொன்னால், ஓதும் அவசரத்தில் ஒன்று விடுபடும். தந்தை பெயரோடு தாளில் எழுதி, ஓதலை நடத்தும் தலைவர் கையில் முன்பே கொடுத்துவிடுங்கள். துஆ நடக்கும்போது பிள்ளைகளுக்குப் பண உறை நீட்டக் கூடாது. கூட்டம் விடைபெறும்போது வாசலில் கொடுப்பதே சரி.

அக்கம்பக்கத்துத் தமிழர்களுக்கு ஒன்று: பராஆன் வேறு, யாரும் வந்துபோகலாம் என்ற திறந்த இல்ல உபசரிப்பு வேறு. கூட்டம் வரும் காலை நேரத்தில் தனியாகப் போய் நின்றால், வீட்டுக்காரர் யாரைக் கவனிப்பது என்று தடுமாறுவார். நேரம் கேட்டுக்கொண்டு மாலையில் போங்கள். பலகாரம் கொண்டுபோவதானால், ஹலால் முத்திரையுள்ள பெட்டியைப் பிரிக்காமல் கொடுங்கள்.