டிஸ்க் மாற்றும்போது 1 எம்பி குறைந்தால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து இயக்கும் ரெய்டு தொகுப்பில் ஒரு டிஸ்க் பழுதாகிறது. அதே 1 டிபி என்று அச்சிட்ட புதிய டிஸ்க்கைச் செருகுகிறார்கள். போதிய அளவு இல்லை என்று தொகுப்பு அதைச் சேர்க்க மறுக்கிறது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் வரிசையாக இதே பள்ளத்தில் விழுவதைப் பார்த்துச் சலித்துப்போய் எழுதுகிறேன். பேக்கப் எடுங்கள், தவறான டிஸ்க்கை உருவாதீர்கள் என்பதெல்லாம் இங்கே கிடையாது.

கடைசி செக்டர் வரை அள்ளிக்கொள்வது

1 டிபி டிஸ்க் என்றால் 512 பைட் அளவுள்ள 1,953,525,168 செக்டர்கள், அதாவது சேமிப்புத் துண்டுகள். உற்பத்தியாளர்கள் தங்களுக்குள் ஒத்துக்கொண்ட கணக்கு இது. பெரும்பாலான டிஸ்க்குகள் அப்படியே இருப்பதால்தான் எல்லாரும் அசட்டையாக இருக்கிறார்கள்.

நண்பர் ஒருவர் லினக்ஸில் நான்கு டிஸ்க்குகளை முழுசாகப் போட்டு ஒரு டிஸ்க் போனாலும் தாங்கும் ரெய்டு 5 அமைத்திருந்தார். ஒன்று போனது. மாற்றாக வந்த டிஸ்க் காட்டிய எண் 1,953,523,055. குறைவு 2,113 செக்டர், அதாவது 1 எம்பியைவிடச் சற்றே அதிகம். ஒரு டிபியில் இது தூசு. ஆனால் ரெய்டுக்குத் தூசும் கணக்குதான். மனிதர் கேபிளை மாற்றினார், போர்ட்டை மாற்றினார், டிஸ்க்கைத் திட்டினார். தொகுப்போ ஒரு கால் இல்லாமல் நின்றுகொண்டிருந்தது. அந்த நேரத்தில் இன்னொரு டிஸ்க் போயிருந்தால் மொத்தமும் காலி.

டிஸ்க்கின் மேல் குற்றம் இல்லை. அது முன்பு இருந்த கணினியின் மதர்போர்டு, கணினியைத் தொடங்கிவைக்கும் தன் பயாஸ் மென்பொருளின் நகலை டிஸ்க்கின் வால்பகுதியில் எழுதி, அந்த இடத்தை மறைத்துவைத்திருந்தது. லினக்ஸின் எச்டிபார்ம் (hdparm) கருவியில் -N என்ற விருப்பத்தைப் பெரிய எழுத்தில் கொடுத்தால் தெரிகிற அளவு, உண்மை அளவு இரண்டையும் காட்டும். மறைவை நீக்கியதும் டிஸ்க் சேர்ந்துகொண்டது. டிஸ்க் நிஜமாகவே சிறியதாக இருந்திருந்தால் அடுத்த அளவு டிஸ்க்கை வாங்குவதுதான் எளிய வழி. எஸ்எஸ்டிகளில் 240, 250, 256 ஜிபி என்று இருக்கும் குளறுபடியைச் சொல்லவே வேண்டாம்.

எனக்கு எரிச்சல் இதில்தான்: தொகுப்பை அமைத்த அன்றே ஒவ்வொரு டிஸ்க்கிலும் கடைசி 100 எம்பியை விட்டுவிட்டுப் பார்ட்டிஷன் போட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. லினக்ஸ் ரெய்டு கருவியின் கையேடே, தொடக்க அளவைச் சற்றுக் குறைத்துவைப்பது நல்லது என்கிறது. இடம் வீணாகிறதே என்பார்கள். பத்தாயிரத்தில் ஒரு பங்கு! சேமிப்புச் சர்வர்களுக்கான ஃப்ரீநாஸ் இயங்குதளம் ஒவ்வொரு டிஸ்க்கிலும் ஸ்வாப்புக்கென்று (நினைவகம் போதாதபோது பயன்படும் இடம்) 2 ஜிபி ஒதுக்கியபோது, அதையும் வீண் என்று நீக்கியவர்கள் உண்டு. மாற்று டிஸ்க் சிறியதாக வந்தால் கைகொடுக்கும் இடம் அதுதான்.

தொகுப்பை முதலில் சுருக்குவது

சிறிய டிஸ்க்குக்கு ஏற்பத் தொகுப்பையே சுருக்கலாம் என்று சிலருக்குத் தோன்றும். தொகுப்பின் மேல் கோப்புகளை அடுக்கிவைக்கும் கோப்பு முறைமையைச் சுருக்காமல் தொகுப்பில் கைவைத்தால் கோப்பு முறைமையின் வால் அறுந்துவிடும். எக்ஸ்ட்4 கோப்பு முறைமை என்றால் அன்மவுண்ட் செய்து (பயன்பாட்டிலிருந்து கழற்றி), சோதித்து, தேவைக்குமேலேயே சுருக்கிவிட்டுத் தொகுப்புக்கு வாருங்கள். எக்ஸ்எஃப்எஸ் வைத்திருந்தால் இந்த வழியை மறந்துவிடுங்கள். கோப்பு முறைமையும் ரெய்டும் ஒன்றாக உள்ள இசட்எஃப்எஸ்ஸின் ரெய்டு-இசட் தொகுப்பும் சுருங்காது.

பெட்டியில் அச்சிட்ட எண்ணை நம்புவது

நம்பாதீர்கள். பைட் கணக்கைப் பாருங்கள், அதுவும் யுஎஸ்பி உறைக்குள் வைத்து அல்ல. சில உறைகள் அளவைக் குறைத்துக் காட்டும்.

செக்டர் அளவை மறப்பது

512 பைட்டுக்கு அமைத்த இசட்எஃப்எஸ் தொகுப்பு, 4096 பைட் செக்டர் மட்டுமே பேசும் டிஸ்க்கை ஏற்காது. இடம் எவ்வளவு இருந்தாலும் சரி.

பெரிய டிஸ்க் போட்டதும் விரித்துவிடுவது

எல்லா டிஸ்க்கையும் 2 டிபிக்கு மாற்றி முடித்ததும் தொகுப்பை முழு அளவுக்கு விரிக்கச் சொல்லும் 'மேக்ஸ்' என்பதைக் கை தானாகவே தட்டச்சு செய்யும். விட்டுவைத்த இடைவெளி அந்த ஒரு சொல்லில் போய்விடும். இசட்எஃப்எஸ்ஸில் தானாக விரியும் வசதி இயக்கத்தில் இருந்தால் உங்களைக் கேட்காமலேயே விரிந்துவிடும். புதிய டிஸ்க்கிலும் கடைசி 100 எம்பியை விட்டே பார்ட்டிஷன் போட்டிருந்தால் மட்டும் 'மேக்ஸ்' கொடுங்கள்.