கலிஃபோர்னியாவில் விவாகரத்தா? ஜீவனாம்சத்தை வாய்ப்பேச்சில் முடிக்காதீர்கள்

கல்யாணம் மதுரையில் நடந்திருந்தாலும், இருவரில் ஒருவர் கலிஃபோர்னியாவில் ஆறு மாதமும் மனு போடுகிற கவுன்டியில் (நம் மாவட்டம் மாதிரி) மூன்று மாதமும் இருந்திருந்தால் இங்கேயே விவாகரத்து கேட்கலாம். யார் மேல் தப்பு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. சம்மன் கிடைத்தால் 30 நாளுக்குள் பதில் போட வேண்டும். சம்மனின் இரண்டாம் பக்கத்தை மட்டும் நிதானமாகப் படியுங்கள்: வழக்கு முடியும்வரை மற்றவரின் எழுத்துபூர்வ சம்மதமோ கோர்ட் உத்தரவோ இல்லாமல் பிள்ளையை மாநிலத்தை விட்டு வெளியே கூட்டிப்போகக் கூடாது, பொங்கலுக்கு ஊருக்குப் போவதானாலும் சரி.

இனி என் நண்பன் மாட்டிக்கொண்ட இடம். மகளுக்கான ஜீவனாம்சமாக மாதம் 1,800 டாலர் கொடுக்க கோர்ட் உத்தரவு. எச்1பி என்ற வேலை விசாவில் இருந்தவனுக்கு வேலை போனது, 60 நாளுக்குள் அடுத்த வேலை கிடைக்காவிட்டால் நாட்டை விட்டே கிளம்ப வேண்டும் என்ற பதற்றம் வேறு. மகளின் அம்மாவிடம் நேரில் பேசிப் பார் என்று சொன்னவன் நான்தான். நம் ஊரில் பெரியவர்கள் நாலு பேர் உட்கார்ந்து பேசினால் அதுதானே முடிவு? அவளும் வாட்ஸ்அப்பில் "சரி, இப்போதைக்கு 700 குடு, அப்புறம் பாத்துக்கலாம்" என்று அனுப்பினாள். வேறு வேலை கிடைத்தும் சம்பளம் குறைவு, அதனால் ஒன்பது மாதம் 700தான் கொடுத்தான். பிறகு அவளுக்கும் பண நெருக்கடி வந்து, ஜீவனாம்சம் வசூலிக்கும் கவுன்டி அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தாள். 9,900 டாலர் பாக்கி, ஆண்டுக்கு 10 சதவீதம் வட்டி என்று கடிதம் வந்தது. அந்தக் கடிதத்தை என் சமையலறை மேசையில் வைத்துவிட்டு அவன் பேசாமல் உட்கார்ந்திருந்ததை நான் மறக்க மாட்டேன்.

வேலை போனாலும், வாட்ஸ்அப்பில் ஒத்துக்கொண்டாலும் உத்தரவு தானாகக் குறையாது. மனு போட்டு மறுதரப்புக்குத் தெரிவித்த பிறகு சேரும் தொகையைத்தான் நீதிபதி குறைக்க முடியும், அதற்கு முந்தைய பாக்கியில் கைவைக்க 1986 முதல் ஃபெடரல் சட்டமே விடுவதில்லை. ஆகவே வேலை போன அந்த வாரமே உத்தரவை மாற்றக் கேட்கும் எஃப்எல்-300 படிவத்தோடு வருமான விவரத்துக்கான எஃப்எல்-150 சேர்த்துப் போடுங்கள். இருவரும் ஒத்துக்கொண்டால் இன்னும் சுலபம், ஒப்பந்தப் படிவமான எஃப்எல்-350-ல் கையெழுத்திட்டு நீதிபதியின் கையெழுத்தும் வாங்கிவிடுங்கள். வக்கீலுக்குக் காசில்லை என்று தள்ளிப்போட வேண்டாம். ஒவ்வொரு கவுன்டி கோர்ட்டிலும் ஃபேமிலி லா ஃபெசிலிடேட்டர் இருக்கிறார், ஜீவனாம்சப் படிவங்களை நிரப்ப இலவசமாக உதவுவார். என் நண்பன் அங்கே போனது ஒன்பது மாதம் கழித்து.