மலிவு நெட் பேக்: காசு எங்கே கரைகிறது?

எங்கள் சித்தி காய்கறிக் கடை வைத்திருக்கிறார். போனில் அவருக்கு வேண்டியது ஜிபே, வாட்ஸ்அப், ராத்திரி ஒரு சீரியல். "இருக்கிறதிலேயே கம்மியான பேக் போடு தம்பி" என்றுதான் ஒவ்வொரு முறையும் ரீசார்ஜ் கடையில் கேட்பார். போன வருஷத்து ரீசார்ஜ் மெசேஜ்களை ஒருநாள் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். மெயின் பேக் 13 தடவை. அது போக, குட்டிக் குட்டியாக 11 டேட்டா பேக்.

மாதம் 12தானே, 13 எப்படி வந்தது? 28 நாள் பேக் என்றால் அப்படித்தான் வரும். ஒரு பேக் 299 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், வருஷத்துக்கு 3,588 இல்லை, 3,887. கடையில் "மூணு மாச பேக்" என்று சொல்வதும் 84 நாள்தான். நாலு தடவை போட்டாலும் வருஷம் முடிய 29 நாள் பாக்கி நிற்கும். 30 நாள் பேக் ஒன்றும், மாதாமாதம் ஒரே தேதியில் புதுப்பிக்கிற பேக் ஒன்றும் எல்லா நிறுவனங்களும் வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஜனவரியிலேயே தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவு போட்டது. நாமாகக் கேட்டால்தான் எடுத்துக் காட்டுவார்கள். அதற்காக 30 நாள் என்றாலே லாபம் என்று நினைத்துவிடவும் வேண்டாம். விலையை நாளால் வகுத்துப் பாருங்கள், தெரிந்துவிடும்.

அந்த 11 குட்டிப் பேக்குகளுக்குக் காரணம் தினசரி டேட்டா. தினம் 1.5 ஜிபி என்றால் மிச்சமானது மறுநாளுக்கு வராது, நள்ளிரவோடு போச்சு. சித்திக்கு வார நாட்களில் 300 எம்பி கூட ஆகாது. ஞாயிற்றுக்கிழமை பேரன் வந்து படம் பார்த்தால் சாயங்காலத்துக்குள் தீர்ந்துவிடும். அப்புறம் வேகம் பெரும்பாலும் 64 கேபிபிஎஸ்-க்கு இறங்கும். அதாவது ஒரு நொடிக்கு 8 கிலோபைட். 1 எம்பி போட்டோ ஒன்று இறங்கவே இரண்டு நிமிஷம். உடனே பூஸ்டர், அதாவது அந்தக் குட்டி டேட்டா பேக். அதிலும் சில பூஸ்டர்கள் ஒரு நாளைக்குத்தான்; ராத்திரி பத்து மணிக்குப் போட்டால் இரண்டே மணி நேரம்! இப்படி ஏறி இறங்கிப் பயன்படுத்துகிறவர்களுக்கு, வேலிடிட்டி முழுவதற்கும் மொத்தமாக டேட்டா தரும் பேக்தான் சரி. முதலில் போன் செட்டிங்ஸில் போன மாதம் எத்தனை ஜிபி ஆனது என்று பாருங்கள். அதைப் பார்க்காமல் பேக் தேடுவது அளவு எடுக்காமல் சட்டை தைப்பது மாதிரி.

டேட்டா பேக் போட்டால் வேலிடிட்டியும் நீளும் என்று நம்புவது இன்னொரு தவறு. பல பேக்குகளில் மெயின் பேக் முடிந்தால் அதுவும் தூங்கிவிடும். நானே அப்படி ஒரு தடவை ஏமாந்திருக்கிறேன்.

5ஜி ஆசையும் உண்டு. 2024 ஜூலை விலையேற்றத்தோடு ஜியோவும் ஏர்டெல்லும் அன்லிமிடெட் 5ஜி-யைத் தினம் 2 ஜிபி, அதற்கு மேற்பட்ட பேக்குகளுக்கு என்று மாற்றின. கையில் இருப்பது 4ஜி போன் என்றால் அந்தப் பேக்கால் என்ன பயன்?

வாட்ஸ்அப்பில் ஆட்டோ டவுன்லோடை நிறுத்துங்கள். சித்தியின் உறவுக்கார குரூப்பில் விடிந்தால் இருபது காலை வணக்க வீடியோ. யூடியூப் வீடியோ தரத்தை 480p-இல் வையுங்கள், ஆப் அப்டேட்டும் போட்டோ பேக்கப்பும் வைஃபையில் மட்டும் நடக்கட்டும்.

மலிவு என்று நெட்வொர்க் மாறுகிறவர்கள் முதலிலேயே வருஷ பேக் போட்டுவிட வேண்டாம். அதே நெட்வொர்க் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரரின் சிம்மை உங்கள் வீட்டு அடுப்படியில் வைத்து சிக்னல் பாருங்கள். ஒரு நெட்வொர்க்கில் 90 நாள் இருந்தால்தான் போர்ட் செய்ய, அதாவது அதே நம்பரோடு வேறு நெட்வொர்க்குக்கு மாற, முடியும். போர்ட் செய்தால் மிச்ச வேலிடிட்டியும் கூட வராது.

கடைசியாக ஒரு கூத்து. டேட்டா இல்லாமல் கால், எஸ்எம்எஸ் மட்டும் உள்ள பேக்கும் கட்டாயம் இருக்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் விதி கொண்டுவந்தது. சித்தியின் மாமியாருக்கு மாதாமாதம் தினம் 1.5 ஜிபி பேக்தான் போய்க்கொண்டிருந்தது. பாட்டி வைத்திருப்பது பட்டன் போன். அதில் நெட்டே வராது.