ரிலாக்சரை நிறுத்திய பிறகு: சுருள்முடிக்குத் திரும்பும் ஒரு வருட வேலை

ரிலாக்சர், அதாவது சுருள்முடியை நேராக்கும் க்ரீம், போட்ட முடி பழையபடி சுருளாது. இதை முதலிலேயே தெரிந்துகொண்டால் பாதிப் பணமும் பாதி ஏமாற்றமும் மிச்சம். அந்தக் க்ரீமில் இருப்பது சோடியம் ஹைட்ராக்சைடு, அதாவது காரச்சோடா. ‘நோ-லை’ என்று விற்கும் பெட்டியில் அதற்குப் பதிலாகக் கால்சியம் ஹைட்ராக்சைடும் குவானிடின் கார்பனேட்டும் இருக்கும். எதுவானாலும் அதன் பி.எச். அளவு 12-ஐத் தொடும், தாண்டும். முடியின் புரதத்துக்குள் இருக்கும் கந்தகப் பிணைப்புகளை உடைத்து, திரும்பச் சேராதபடி மாற்றிவிடுவதுதான் அதன் வேலை. ‘சுருளை மீட்டுத் தரும்’ என்று விற்கும் எந்தச் சீரமும் அதை ஒட்டவைக்காது. வேரிலிருந்து புதிதாக முளைப்பது மட்டுமே சுருளும்.

அமெரிக்கக் கருப்பினப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக இந்த மருந்தைப் பழகியவர்கள். ஆறு வாரம், எட்டு வாரத்துக்கு ஒருமுறை வேரில் பூசுவார்கள். எரிச்சல் எடுக்கும்வரை உட்கார்ந்திருப்பார்கள். இப்போது விடுபவர்களில் பலருக்கு 2022 அக்டோபரில் வந்த ஓர் ஆய்வு கூடுதல் காரணம். அமெரிக்க தேசிய சுகாதாரக் கழகம் 33,497 பெண்களை ஏறக்குறைய 11 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. முடியை நேராக்கும் பொருளைத் தொடாதவர்களுக்கு 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 1.64 சதவீதம், முந்தைய ஆண்டில் நாலு தடவைக்கு மேல் பயன்படுத்தியவர்களுக்கு 4.05 சதவீதம் என்று கணக்கிட்டது. தொடர்பு இருக்கிறது என்றுதான் அந்த ஆய்வு சொன்னது, இதுதான் காரணம் என்று நிரூபிக்கவில்லை. ஆனாலும் பெட்டியைக் கீழே வைக்கப் பலருக்கு அதுவே போதுமாக இருந்தது.

வெட்டுவதா, காத்திருப்பதா

இரண்டு வழி உண்டு. புது முடி 3 முதல் 5 செ.மீ. வளர்ந்ததும் மீதியை ஒரே நாளில் வெட்டிவிடுவது ஒன்று. ‘பிக் சாப்’ என்பார்கள். நீளத்தை விட மனமில்லாதவர்கள் பத்துப் பன்னிரண்டு மாதம் காத்திருந்து, ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை நுனியில் ஓரிரு செ.மீ. வெட்டிக்கொண்டே வருவார்கள். முடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளரும். அதற்கு மேல் வாக்குறுதி தரும் எண்ணெயை வாங்க வேண்டாம்.

காத்திருக்கும் வழியில் ஒரு கண்ணி இருக்கிறது. புது முடியும் மருந்துபட்ட முடியும் சேரும் இடம்தான் மொத்த இழையிலும் பலவீனமான இடம். சீப்பு அங்கே மாட்டினால் இழை அங்கேயே முறியும். இரண்டு பகுதியும் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்று புது முடியை இஸ்திரிக் கம்பியால் நேராக்குவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு பட்டால் புது முடியும் சுருளை இழக்கும். ஒரு வருடக் காத்திருப்பு வீண். எதிர்த்திசையில் போங்கள்: ஈரத்தில் பின்னி, காயவிட்டு, பிரித்துவிட்டால் இரண்டு பகுதியும் ஒரே நெளியாகத் தெரியும்.

வெட்டும்போது முடி ஈரமாக இருக்கட்டும். நனைந்ததும் புது முடி சுருண்டு எழும், பழையது நூல் மாதிரித் தொங்கும். கோடு எங்கே என்று தேட வேண்டியதே இல்லை.

தலை குளிக்கும் நாள்

வாரத்துக்கு ஒருமுறை, அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. தினமும் தலைக்கு ஊற்றிப் பழகியவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். ஆனால் ஆப்பிரிக்க வகைச் சுருள்முடியின் குறுக்குவெட்டு தட்டையான நீள்வட்டம். இழை ஸ்பிரிங் மாதிரி வளைந்து வளைந்து போகிறது. உச்சந்தலையில் ஊறும் எண்ணெய் கோரைமுடியில் வழுக்கிக்கொண்டு நுனிவரை இறங்கும், இதிலோ முதல் சில வளைவுகளிலேயே நின்றுவிடும். வேரில் பிசுக்கு, நுனியில் வறட்சி என்ற இரட்டை நிலைமை அதனால்தான். ஒவ்வொரு வளைவும் முறியக்கூடிய இடம் என்பதால் காய்ந்த முடியில் சீப்புப் போடுவது தடை. விதிவிலக்கு கிடையாது.

முடியை நாலு முதல் எட்டுப் பங்காக வகிடெடுத்து கிளிப் போடுங்கள். ஒரு பங்கை மட்டும் அவிழ்த்து, தண்ணீர் தெளித்து, சொட்டும் அளவுக்கு நனையுங்கள். பிறகு கண்டிஷனர். தோள்வரை முடி என்றால் முழுத்தலைக்கும் கால் கப், அதாவது சுமார் 60 மி.லி. ஆகும். பாட்டிலில் ‘ஒரு நாணய அளவு’ என்று எழுதியிருப்பது இந்த முடிக்காக எழுதியதில்லை. விரலால் முதலில் பெரிய முடிச்சுகளைப் பிரியுங்கள். அப்புறம் அகலப் பல் சீப்பு: நுனியிலிருந்து தொடங்கி, இரண்டு விரல்கடை மேலே, அப்புறம் இன்னும் மேலே. வேரிலிருந்து இழுத்தால் எல்லாச் சிக்கும் நுனியில் திரண்டு கட்டியாகிவிடும். சிக்கெடுத்த பங்கைத் தளரப் பின்னி ஒதுக்கிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். சீப்பில் நிறைய முடி வருவதைப் பார்த்துப் பதற வேண்டாம். ஒரு நாளில் 50 முதல் 100 இழை உதிர்வது இயல்பு. சுருள்முடியில் அவை கீழே விழாமல் சுருளுக்குள்ளேயே சிக்கியிருக்கும். ஒரு வாரத்துக் கணக்கு ஒரே நாளில் வருகிறது, அவ்வளவுதான். ஆனால் உதிர்ந்த இழையின் ஒரு முனையில் சின்ன வெள்ளைக் குமிழ் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வேரோடு உதிர்ந்தது. குமிழ் இல்லாத குட்டைத் துண்டுகள் நிறைய இருந்தால் முடி நடுவில் முறிகிறது. உங்கள் கை வேகத்தைக் குறைக்க வேண்டும், அல்லது நுனியை வெட்ட வேண்டும்.

ஷாம்பு உச்சந்தலைக்கு மட்டும். பின்னல்களுக்கு இடையே விரல் நுனியால் தேய்த்தால் போதும். நுரை வழியும்போது நீளமுடி சுத்தமாகிவிடும். மாதம் ஒருமுறை ‘கிளாரிஃபையிங்’ ஷாம்பு போட்டுப் படிந்த ஷியா வெண்ணெயையும் ஜெல்லையும் கழுவுங்கள். இதைத் தவிர்ப்பவர்கள்தான் ‘எந்தக் க்ரீமும் பிடிக்க மாட்டேன் என்கிறது’ என்று புலம்புகிறார்கள். மெழுகு பூசிய சுவரில் சுண்ணாம்பு ஒட்டுமா?

அதன் பிறகு டீப் கண்டிஷனர், பிளாஸ்டிக் தொப்பி, 20 முதல் 30 நிமிடம். இரவு முழுக்க வைத்தால் இரட்டிப்புப் பலன் என்பது தவறு. இழை ஊறி ஊறி ரப்பர் மாதிரி நீண்டு, விட்டால் திரும்பாமல் அறுந்துபோகும். ஈர முடி இப்படிப் பிசுபிசுவென்று இழுபட்டால் அடுத்த முறை புரதம் கலந்த கண்டிஷனருக்கு மாறுங்கள். மாறாக, இழுத்ததும் பட்டென்று முறிந்தால் புரதம் அதிகமாகிவிட்டது, ஈரப்பதத்துக்குத் திரும்புங்கள். டம்ளர் தண்ணீரில் முடி மிதக்கிறதா மூழ்குகிறதா என்று பார்க்கும் சோதனையை விட்டுவிடுங்கள். இழையில் ஒட்டிய எண்ணெயே அதன் பதிலை மாற்றிவிடும்.

கழுவியபின் முடி ஈரமாக இருக்கும்போதே கழுவத் தேவையில்லாத லீவ்-இன் கண்டிஷனர், மேலே எண்ணெய், அதற்கு மேல் க்ரீம். ஈரம் தருவது தண்ணீர்தான், எண்ணெய் அதற்கு மூடி மட்டும். காய்ந்த முடியில் எண்ணெய் பூசினால் வறட்சிக்கு மூடி போட்டதாகிவிடும். தேங்காயெண்ணெய் எல்லா முடிக்கும் ஒத்துவரும் என்று நம் ஊரில் அடித்துச் சொல்வோம். இந்த முடி உள்ள சிலருக்கு அது விறைப்பைத் தரும். பொடுகு உள்ளவர்கள் உச்சந்தலையில் எண்ணெய் வைக்கவே கூடாது, பொடுகுக்குக் காரணமான பூஞ்சைக்கு அது தீனி. புது ஜெல் வாங்கினால் முதலில் புறங்கையில் க்ரீமோடு கலந்து பாருங்கள். வெள்ளையாகத் திரிந்தால் தலையிலும் திரியும்.

கடைசியாக 20, 30 முறுக்குகளாக முறுக்கி முழுசாகக் காயவிடுங்கள். முழுசாக என்றால் நடுவில் தொட்டாலும் சில்லென்று இருக்கக் கூடாது. ஈரத்தில் பிரித்த முறுக்கு ஒரு மணி நேரத்தில் பஞ்சாகிவிடும். தூங்கும்போது சாட்டின் தொப்பி அல்லது சாட்டின் தலையணை உறை. பருத்தி ஈரத்தை உறிஞ்சும், இழையையும் உராயும்.

திரையில் தெரியும் தலை

முதல் மூன்று மாதம் கண்ணாடி பகையாகத் தெரியும். காய்ந்ததும் முடி சுருங்கி, உண்மையான நீளத்தில் கால் பங்கு மட்டுமே தெரியலாம். அப்போதுதான் கை ஃபோனுக்குப் போகும்.

அங்கே பார்ப்பதை எப்படிப் படிப்பது என்பதும் இந்த வேலையில் சேர்த்தி. ஒரு பிரபலத்தின் ‘இயற்கை முடி’ படம் பிடித்திருந்தால் மூன்று விஷயம் பாருங்கள். நெற்றி ஓரத்தில் முடி திடீரென்று அடர்த்தியாகத் தொடங்குகிறதா? பெரும்பாலும் விக். முடி ஈரமாக மின்னுகிறதா? காய்ந்த நிலையில் அது பாதியாகச் சுருங்கும். சுருள் எவ்வளவு தடிமன்? ஓப்ரா வின்ஃப்ரேயின் முடியலங்காரக் கலைஞர் ஆந்த்ரே வாக்கர் உருவாக்கிய 1 (கோரைமுடி) முதல் 4 (மிக இறுகிய சுருள்) வரையிலான வகைப்பாடு இன்று எல்லார் வாயிலும் புழங்குகிறது. பென்சில் தடிமனில் தொங்கும் 3சி சுருளை விளம்பரம் காட்டும்; பேனா ஸ்பிரிங்கை விடச் சின்னதான 4சி முடிக்காரர் அந்த டப்பாவை வாங்கி, தன் தலைதான் சரியில்லை என்று முடிவுகட்டுவார். க்ரீம் சுருளின் அளவை மாற்றாது.

பிரபலங்களால் கெடுதல் மட்டும்தான் என்பதில்லை. 2012 ஆஸ்கர் விழாவுக்கு நடிகை வயோலா டேவிஸ் விக் இல்லாமல் தன் குட்டை முடியோடு வந்தார். 2019-இல் சோசிபினி துன்சி ஒட்ட வெட்டிய சுருள்முடியோடு பிரபஞ்ச அழகி ஆனார். வெட்டப் போகும் பெண் கடையில் காட்ட இவை நல்ல படங்கள். மறுபக்கமும் உண்டு: 2017-இல் நடிகை லுபிதா நியோங்கோவின் முடியை ஒரு பிரிட்டிஷ் இதழ் அட்டைப்படத்துக்காகக் கணினியில் அழித்து வழுவழுப்பாக்கியது, அவர் வெளிப்படையாகக் கண்டித்தார். ஆஸ்கர் வாங்கியவருக்கே அந்தக் கதி என்றால், அட்டைப்படத்தை வைத்து உங்கள் தலையை அளப்பதில் அர்த்தமில்லை. இதில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. திரையில் இடுப்புவரை தொங்கும் அந்தக் கோரைமுடியில் ஒரு பகுதி திருப்பதியிலும் பழனியிலும் மொட்டை போட்டு, ஏலத்தில் போய், விக்காகவும் ஒட்டுமுடியாகவும் கடல் கடந்தது.

செய்யக்கூடியது இது: மாதம் ஒருமுறை அதே ஜன்னல் வெளிச்சத்தில், ஒரே இழைக்கற்றையை இழுத்துப் பிடித்து ஒரு படம் எடுங்கள். ஃபோனில் நீங்கள் பின்தொடர்பவர்களில் உங்கள் வகைச் சுருள் உள்ளவர்களை மட்டும் விட்டுவையுங்கள். ஒப்பீடு உங்கள் பழைய படத்தோடு.

அமெரிக்காவில் வேலையிடத்தில் யாராவது ‘ஒழுங்காக வாரிக்கொண்டு வா’ என்றால், மாநிலச் சட்டத்தைப் பாருங்கள். முடியின் இழைத்தன்மையையும் பின்னல், லாக்ஸ் (சடைமுடி), முறுக்கு போன்ற அலங்காரத்தையும் பாதுகாக்கும் கிரவுன் சட்டத்தை 2019-இல் கலிஃபோர்னியா முதலில் கொண்டுவந்தது. பின்னால் இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் வந்தன. நாடு முழுமைக்குமான மசோதா 2022-இல் கீழவையில் நிறைவேறி, செனட்டைத் தாண்டவில்லை. சொற்களைக் கவனமாகப் படியுங்கள்: டெக்சாஸ் சட்டத்தில் முடி நீளம் பற்றிப் பேச்சில்லை என்று சொல்லி 2024-இல் லாக்ஸ் வைத்திருந்த ஒரு மாணவரின் வழக்கில் நீதிபதி பள்ளியின் பக்கம் தீர்ப்பளித்தார்.

பின்னலும் நெற்றி ஓரமும்

ஒட்டுமுடி சேர்த்த பின்னல் கைக்கு ஓய்வு தரும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு மேல் வைத்தால் உதிர்ந்த முடியும் அழுக்கும் வேரில் சடையாகிவிடும். பின்னி முடித்த அன்று இரவு வலித்தால் அது ‘செட் ஆகும்’ வலி இல்லை, வேர் இழுபடுகிறது. தோல் கூடாரம் மாதிரி மேலெழுந்தாலோ, ஓரத்தில் சின்னக் கொப்புளம் வந்தாலோ, மாத்திரை போட்டுக்கொள்ளாதீர்கள், அந்த ஓரப் பின்னலை அன்றே அவிழ்த்துவிடுங்கள். தொடக்கத்தில் விட்டால் முடி திரும்ப வளரும். ஆண்டுக்கணக்கில் இழுத்தால் வேர்க்குழி தழும்பாகி நிரந்தரமாக மூடிவிடும். ஓரமுடியை ஜெல் போட்டு வழித்துப் படியவைக்கும் பழக்கமும், தினமும் என்றால், இதே சேதத்தைச் செய்யும்.

உச்சியில் வட்டமாக முடி மெலிந்து, தொட்டால் எரிச்சலோ கூச்சமோ இருந்தால் அது வேறு நோய். தோல் மருத்துவரிடம் போக வேண்டியது அவசரம், ஏனென்றால் அதுவும் தழும்பாகி முடியும். போகும்போது பின்னலை அவிழ்த்து, விக்கைக் கழற்றி, எண்ணெய் இல்லாத தலையோடு போங்கள். மாதாமாதம் எடுத்த படங்களும், தலைக்குப் போட்ட டப்பாக்களின் படங்களும் ஃபோனில் இருக்கட்டும். அவர் உச்சந்தலைத் தோலில் சின்னத் துண்டு எடுத்துப் பரிசோதிக்கச் சொன்னால் மறுக்காதீர்கள். அந்த 4 மி.மீ. காயம் ஆறிவிடும்.